பொன்னின் மாற்றும் எக்ஸ் கதிரும்

ஆங்கிலோ-சாக்சன் நகைகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களைப் புரட்டினால், பல நகைகளின் விவரத்தோடு ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த நகையில் பொன் நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளது என்பதைக் கூறும் எண் அது. பார்வைக்கு எளிய எண்தான். ஆனால் நகை எப்போது செய்யப்பட்டது, அதனை அணிந்தவர் எந்தத் தலைமுறையினர் என்பன போன்ற பெரிய முடிவுகளை 1960களிலும் 1970களிலும் ஆய்வாளர் சிலர் இந்த எண்ணின் மேல் கட்டினார்கள். அந்த எண் எவ்வாறு கிடைத்தது? அது உண்மையில் எதை அளந்தது? அதன் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றியது தகுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமானியரின் ஆட்சி பிரிட்டன் தீவைவிட்டு நீங்கியது. அதன்பின் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்து, தீவின் கிழக்கிலும் தெற்கிலும் குடியேறிய மக்களையே ஆங்கிலோ-சாக்சன்கள் என்கிறோம். இறந்தவரை நகைகளோடும் படைக்கலங்களோடும் புதைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. 597-இல் கென்ட் நாட்டுக்கு உரோமாபுரியிலிருந்து கிறித்தவத் துறவியர் வந்தனர். 7-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொருள்களோடு புதைக்கும் வழக்கம் தேய்ந்து மறைந்தது. எழுத்துச் சான்று மிகக் குறைந்த காலம் அது. ஒரு கல்லறையின் காலத்தை முப்பது ஆண்டு முன்னோ பின்னோ நகர்த்தினால், அதில் கிடந்தவர் எந்த அரசர், பழைய தெய்வங்களை வணங்கியவரா, ஞானஸ்நானம் பெற்றவரா என்பதெல்லாம் மாறிப் போகும். நகையின் காலக்கணிப்பு வெறும் நகைப் பிரச்சினை அன்று.

இந்நகைகளின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வோம். தங்கத் தகட்டின் மேல் மெல்லிய தங்கப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்து, சிறுசிறு அறைகளை அமைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஏற்ப வெட்டித் தேய்த்த சிவப்புக் கல் அதில் பதிக்கப்படும். கல்லின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கல்லுக்கு அடியில், நுண்ணிய கட்டங்கள் அழுத்தப்பட்ட பொன் தாள் ஒன்று இருக்கும். கல்லினூடே சென்ற ஒளி அக்கட்டங்களில் பட்டுப் பல திசைகளிலும் திரும்பி வருவதால், கல் தன் உள்ளிருந்தே கனல்வது போலத் தோன்றும். 1771-இல் கென்ட்டில் கிங்ஸ்டன் என்னும் இடத்தில் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியாரின் அகழ்வில் கிடைத்த வட்டப் பதக்கம் இவ்வகை வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. ஆடையைச் சேர்த்துக் குத்திக்கொள்ள உதவும் அப்பதக்கம் இன்று லிவர்பூல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்தச் சிவப்புக் கல்லின் பெயர் கார்னெட். மாணிக்கம் என்று மயங்க வேண்டாம். மாணிக்கம் அலுமினிய ஆக்சைடு. கார்னெட் சிலிக்கேட் வகையைச் சேர்ந்தது. நவரத்தினங்களில் நாம் கோமேதகம் என்று எண்ணும் தேன் நிறக் கல்லும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே. கல்லைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம். வழக்கு முதலில் பொன்னைப் பற்றியது.

ஆங்கிலோ-சாக்சன் பொற்கொல்லர்களுக்குப் பொன் கிடைத்த முக்கிய வழி, கடலுக்கு அப்பால், இன்றைய பிரான்சில் ஆண்ட மெரோவிஞ்சிய அரசர்களின் நாட்டுப் பொற்காசுகளே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. காசை உருக்கி நகை செய்தார்கள். இந்தக் காசுகளின் மாற்று நிலையாக இருக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன் மிகுந்திருந்த காசுகளில், ஆண்டுகள் செல்லச்செல்ல வெள்ளியின் பங்கு ஏறியது. 670களில் பொற்காசு மறைந்து வெள்ளிக் காசே அந்த இடத்தைப் பிடித்தது. காசின் மாற்று இறங்கினால், அதை உருக்கிச் செய்த நகையின் மாற்றும் இறங்கத்தானே வேண்டும்? ஆகவே நகையின் மாற்றை அளந்து, காசுகளின் வரிசையில் அதற்கு ஒத்த இடத்தைக் கண்டுபிடித்தால், நகை செய்யப்பட்ட காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அழகான தருக்கம். 1966-இல் சோனியா சாட்விக் ஹாக்ஸ், மெரிக், மெட்கஃப் ஆகிய மூவரும் இத்தருக்கத்தை ஒட்டி, காசுகளையும் நகைகளையும் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் அளந்து ‘ஆர்க்கியோமெட்ரி’ என்னும் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 1973-இல் பிரௌன், ஷ்வைட்சர் என்னும் இருவர் அதே இதழில் மேலும் பல ஆங்கிலோ-சாக்சன் நகைகளின் அளவுகளை வெளியிட்டார்கள். நகையின் வடிவத்தையும் அணிவேலையையும் மட்டும் பார்த்துக் காலம் சொல்லி வந்த துறையில் எண்கள் நுழைந்தன. கண்ணால் பார்த்துச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். கருவி சொல்வது மாறாது என்ற நம்பிக்கையும் கூடவே நுழைந்தது.

எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொருளின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அணுக்களின் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள் சில வெளியேறும். வெளிக்கூட்டு எலக்ட்ரான் அந்த வெற்றிடத்தை நிரப்பும்போது, மிகுதியான ஆற்றல் மீண்டும் எக்ஸ் கதிராக வெளிவரும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். பொன் ஒரு வகையாகவும், வெள்ளி வேறு வகையாகவும், செம்பு மற்றொரு வகையாகவும் தம் அடையாளத்தைக் கூறும். எந்த அடையாளம் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைக் கொண்டு கலவையின் விகிதத்தைக் கணிக்கலாம். நகையை உரைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், அமிலத்தில் கரைக்க வேண்டாம். இன்று நகைக்கடைகளில் ‘காரட் மீட்டர்’ என்று வழங்கும் பெட்டி செய்வதும் இதையேதான். அருங்காட்சியகக் காப்பாளர்கள் இம்முறையை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பொன் மிகவும் அடர்ந்த உலோகம். உள்ளே ஆழத்தில் பிறந்த எக்ஸ் கதிர் வெளியே வருமுன் பொன்னாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கருவிக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு ஆழம் வரை உள்ள செய்தியே. தலைமயிரின் கனத்தைவிட மெல்லிய படலம் அது. மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும் உலோகத்தில் இது குறையன்று. சீராக இல்லாவிட்டால், கருவி கொடுக்கும் எண் தோலைப் பற்றியது. உடலைப் பற்றியது அன்று.

மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த கலவைப் பொன் சீராக இருப்பதில்லை. உப்புக் கலந்த நிலத்தடி நீர் வெள்ளியையும் செம்பையும் மேற்பரப்பிலிருந்து மெல்ல அரித்தெடுக்கிறது; பொன்னை அது தொடுவதில்லை. ஆகவே மேற்பரப்பில் பொன்னின் பங்கு கூடிவிடுகிறது. இது 1966-இல் யாருக்கும் தெரியாத செய்தியா? இல்லை. 1961-இலேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தைச் சேர்ந்த ஈ. டி. ஹால், மண்ணில் புதைந்த உலோகங்களின் மேற்பரப்புச் செறிவைப் பற்றி அதே ‘ஆர்க்கியோமெட்ரி’ இதழில் எழுதியிருந்தார். எச்சரிக்கை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவ்வாறிருக்க, மேற்பரப்பு எண்ணைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முயற்சி தொடர்ந்தது என்பதே என் முதல் குறை.

இந்த முயற்சியுடன் ஒப்பிட, வேறொரு வழியில் சென்ற ஆய்வையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் சட்டன் ஹூ என்னும் இடத்தில் 1939-இல் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். 27 மீட்டர் நீளமுள்ள கப்பலும், அதன் நடுவே ஓர் அரசருக்குரிய செல்வமும் கிடைத்தன. அரசரின் பணப்பையில் 37 மெரோவிஞ்சியப் பொற்காசுகள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு அக்கசாலையில் அடிக்கப்பட்டது. காசுகளில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. நாணய அறிஞர் சிலர் அவை 650-க்குப் பிந்தியவை என்றனர். அப்படியானால் 655-இல் போரில் மாண்ட ஏத்தல்ஹெரெ போன்ற அரசரைத் தேட வேண்டும். காலம் 625-ஐ ஒட்டியதென்றால், அப்போது இறந்த ரெட்வால்டு பொருந்துவார். இந்த ரெட்வால்டு ஒரே கோயிலில் கிறித்தவப் பலிபீடம் ஒன்றும் பழைய தெய்வங்களுக்குப் பலிபீடம் ஒன்றும் வைத்திருந்ததாக பீட் என்னும் துறவி எழுதியுள்ளார்.

காசுகளின் அடர்த்தியை அளப்பதே இங்குப் பின்பற்றப்பட்ட வழி. ஆர்க்கிமிடீஸ் கதையைப் படித்த ஒவ்வொரு மாணவரும் அறிந்த முறை இது. பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5. நூற்றுக்கு 80 பங்கு பொன்னும் 20 பங்கு வெள்ளியும் உள்ள கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 16.5. பொன் 60 பங்காகக் குறைந்தால் அது 14.5 அளவுக்கு இறங்கும். 1.3 கிராம் எடையுள்ள சிறு காசை நீரில் மூழ்கவைத்தால், முதல் கலவையில் எடை 79 மில்லிகிராம் குறையும். இரண்டாவதில் 90 மில்லிகிராம் குறையும். இடையிலுள்ள 11 மில்லிகிராமில்தான் 20 விழுக்காட்டு மாற்று ஒளிந்திருக்கிறது. எடை பார்ப்பதில் ஒரு மில்லிகிராம் தவறினால் மாற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு தவறும். நல்ல தராசும் பொறுமையும் வேண்டும். செம்பு கலந்திருந்தால் கணக்குச் சிறிது பிசகும். ஆனாலும் இம்முறையின் பெருமை ஒன்று உண்டு: அது காசு முழுவதையும் அளக்கிறது. மேல் படலம் எவ்வளவு பளபளத்தாலும் தராசு ஏமாறாது.

இவ்வாறு கிடைத்த மாற்றுகளைக் கொண்டு ஜே. பி. சி. கென்ட், பணப்பையின் காலத்தை 625-ஐ ஒட்டி முன்னே கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1975-இல் வெளியிட்ட சட்டன் ஹூ நூலின் முதல் தொகுதியில் இம்முடிவு வெளியாயிற்று. கல்லறை ரெட்வால்டினுடையது என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை. ஆனால் பிந்திய அரசர்களைத் தேடும் வாதம் வலுவிழந்தது. இதே வழியில் நகைகளையும் அளந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. நகையில் கல் இருக்கிறது, கல்லுக்கு அடியில் தாளும் பசையும் இருக்கின்றன, பசையில் காற்றுக்குமிழியும் இருக்கிறது. நீரில் மூழ்கடித்தால் கிடைக்கும் எண் எதையும் குறிக்காது. எக்ஸ் கதிர் முறையை நகைக்குப் பயன்படுத்தியவர்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இதன்பின் 2009 ஜூலையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், உலோகம் காட்டும் கருவியோடு வயலில் தேடிய ஒருவருக்குப் பெரும் புதையல் தட்டுப்பட்டது. ஏறக்குறைய 4 கிலோ பொன், 1.7 கிலோ வெள்ளி. உடைந்த துண்டுகள் ஏறத்தாழ 4,600. பெரும்பாலானவை பெண்கள் அணியும் நகைகள் அல்ல. வாள்பிடியிலிருந்து பிய்த்தெடுத்த அணிகலன்கள். ஆங்கிலோ-சாக்சன் பொன்வேலையில் இவ்வளவு பெரிய தொகுதி அதுவரை கிடைத்ததில்லை. பொருள்கள் முறிந்தும் நசுங்கியும் கிடந்தது கலைப் பிரியர்களுக்கு வருத்தம். ஆய்வாளர்களுக்கு அது நல்வாய்ப்பு. முழு நகையில் ஒருபோதும் காண இயலாத பின்புறமும் முறிந்த விளிம்பும் கண்ணுக்குத் தெரிந்தன.

இப்புதையலின் பொன்னை எலியனார் பிளேக்லாக் ஆராய்ந்தார். மேற்பரப்பையும் அதன் அடியில் உள்ள உட்பகுதியையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டதே அவர் ஆய்வின் சிறப்பு. 2016-இல் ‘ஆர்க்கியோமெட்ரி’ இதழில் வெளியான அவர் கட்டுரையின் தலைப்பே, மேற்பரப்பு அளவைக் கொண்டு பொன் பொருளை எடைபோடாதீர் என்னும் பொருள்பட அமைந்திருந்தது. மேற்பரப்பில் பொன் மிகுந்தும் வெள்ளி குறைந்தும் இருந்தன. மண் செய்த அரிப்பு ஓரளவுதான் இதற்குக் காரணம். மீதியை மண் செய்யவில்லை; பொற்கொல்லரே செய்திருந்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வெள்ளி மிகுந்த பொன் வெளிறித் தெரியும். அதன் மேற்பரப்பிலிருந்து மட்டும் வெள்ளியை நீக்கிவிட்டால், உள்ளே மட்டமான பொன்னாக இருந்தாலும் வெளியே செழும் மஞ்சள் நிறம் வரும். இதைச் செய்யும் வழிகள் பழங்காலத்திலிருந்தே பல நாடுகளில் தெரிந்தவை. உப்பு சேர்ந்த கலவையைப் பூசிச் சூடேற்றுவது ஒரு வழி. வெள்ளி அதனுடன் வினைபுரிந்து குளோரைடாகிப் பிரியும். பின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஸ்டாஃபர்ட்ஷயர் பொருள்களில் இதைக் குருட்டுத்தனமாக எல்லா இடத்திலும் செய்யவில்லை. மெல்லிய கம்பிவேலைக்கு அடியில் உள்ள தகட்டுக்கு இவ்வாறு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். பின்னணி ஆழ்ந்த மஞ்சளாகவும் கம்பி சற்று வெளிறியும் இருந்தால், அந்த நுண்ணிய வேலைப்பாடு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். ஆக இது வாங்குபவரை ஏய்க்கும் தந்திரமாக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஓவியர் வண்ணத்தைக் கையாள்வது போல அவர்கள் மாற்றைக் கையாண்டிருக்கிறார்கள்.

இப்போது பழைய எண்களுக்குத் திரும்புவோம். ஒரு பதக்கத்தின் உட்பகுதியில் பொன் 65 விழுக்காடு, மேற்பரப்பில் 80 விழுக்காடு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கருவி 80 என்று சொல்லும். காசுகளின் இறங்கு வரிசையில் 80-க்கு உரிய இடம் 65-க்கு உரிய இடத்துக்கு முந்தியது. நகை தன் உண்மையான காலத்தைவிட மூத்ததாகக் கணிக்கப்படும். பிழை ஒரே திசையில் செல்வதைக் கவனிக்க வேண்டும். சில நகைகளில் கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் தவறினால், பலவற்றின் சராசரி ஓரளவு காப்பாற்றும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரி உதவாது. எத்தனை நகைகளை அளந்தாலும் பிழை குறையாது.

இன்னொரு சிக்கல் கருவியினுடையது அன்று, தருக்கத்தினுடையது. காசை உருக்கியவர் அந்தக் காசை மட்டுமா உருக்கினார்? பாட்டியின் பழைய நகையும், முறிந்த வாள்பிடியும் அதே மூசையில் விழுந்திருக்கும். வெள்ளியைத் தாமே சேர்த்திருக்கவும் கூடும். மேலும், ஒரே நகையில் தகட்டுக்கு ஒரு மாற்றும் கம்பிக்கு ஒரு மாற்றும் வேண்டுமென்றே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தால், அந்த நகையின் மாற்று எது? கேள்வியே பொருளற்றுப் போகிறது. மேற்பரப்புப் பிழையை முற்றிலும் நீக்கி, உட்பகுதியையே அளந்தாலும், காசின் வரிசையோடு அதை ஒப்பிட்டு ஆண்டு சொல்வது துணிச்சலான செயல் என்றே நான் கருதுகிறேன். மிக மட்டமான மாற்றுள்ள நகை முற்காலத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்லலாம். அதற்கு மேல் போகக் கூடாது.

அதற்காக 1966, 1973 ஆண்டுகளின் கட்டுரைகளை வீண் என்று தள்ளுவது நியாயமாகாது. பொன் எங்கிருந்து வந்தது, ஏன் மட்டமாயிற்று என்ற கேள்வியை நகையியலுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அளவுகளை மறைக்காமல் அச்சிட்டார்கள். அதனால்தான் இன்று நம்மால் அவற்றைக் குறை கூறவும் முடிகிறது. என் மனத்தாங்கல் பின்னால் வந்தவர்களைப் பற்றியது. மூலக் கட்டுரையில் ஒரு மேற்பரப்பு அளவாக இருந்த எண், அடுத்த நூலில் ‘நகையின் மாற்று’ ஆகிறது. அதற்கடுத்த நூலில் அதுவே காலத்துக்குச் சான்றாகிறது. எப்படி அளக்கப்பட்டது என்ற குறிப்பு வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. எண்ணோடு ‘மேற்பரப்பு’ அல்லது ‘உட்பகுதி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

கல்லின் வரலாற்றில் அறிவியல் இதைவிட நன்றாகவே நடந்துகொண்டது. காரணம் எளிது: கார்னெட் மண்ணில் கிடந்து மாறுவதில்லை, அதன் மேற்பரப்பும் உள்ளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. பாரிசில் லூவ்ர் அரண்மனையின் அடித்தளத்தில் ஒரு துகள் முடுக்கி உள்ளது. அதிலிருந்து வரும் புரோட்டான் கற்றையைக் கல்லின் மேல் பாய்ச்சி, தோமா கலிகாரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் மெரோவிஞ்சிய நகைக் கற்களில் உள்ள தனிமங்களை அளந்தார்கள். இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் விகிதத்தையும், நுண்ணளவில் உள்ள குரோமியம் போன்றவற்றையும் கொண்டு கற்கள் சில தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தன. இரும்பு மிகுந்த அல்மண்டைன் வகைகள் இந்தியாவையும், இடைப்பட்ட ஒரு வகை இலங்கையையும், மக்னீசியம் மிகுந்த பைரோப் வகை இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவையும் சுட்டின. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கத்தியக் கற்கள் மிகுதி. 7-ஆம் நூற்றாண்டில் சிறிய பொஹீமியக் கற்கள் முன்னே வருகின்றன. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலிலும் இவ்விருவகைக் கற்களும் உள்ளன.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. வேதியியல் ஒப்பீடு என்பது தெரிந்த சுரங்கங்களோடு மட்டுமே செய்யக்கூடியது. மாதிரி எடுக்காத மலையிலிருந்து வந்த கல், மாதிரி எடுத்த மலைகளுள் தன்னை ஒத்த ஒன்றின் பெயரில் பதிவாகிவிடலாம். ‘இந்தியக் கல்’ என்று சொல்லும்போது இந்தியா எவ்வளவு பெரிய நாடு என்பதையும் நினைக்க வேண்டும். இந்த வகையில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு பாராட்டுக்குரியது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த கார்னெட் மணிகளையும் கற்களையும், தெலங்கானாவில் உள்ள கரிபேட் என்னும் இடத்தின் கற்களோடு கார்ல் ஷ்மெட்சரும் ஆல்பர்ட் கில்கும் மற்றவர்களும் ஒப்பிட்டார்கள். வேதியியல் பொருத்தத்தோடு நிற்காமல், கல்லினுள் சிக்கிய நுண்ணிய கனிமத் துணுக்குகளையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டும் ஒத்தன. ஏறக்குறைய 600 கி.மீ. வடக்கே தோண்டிய கல் அரிக்கமேட்டுக்கு வந்து மணியாகியிருக்கிறது.

6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா வணிகர் காஸ்மாஸ் என்பவர், இந்தியக் கடற்கரைத் துறைகளைக் குறிப்பிடுகையில், ‘காபெர்’ என்னும் துறை ‘அலபந்தேனம்’ என்ற பொருளை ஏற்றுமதி செய்வதாக எழுதியுள்ளார். காபெர் என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், அலபந்தேனம் என்பது அல்மண்டைன் கார்னெட் என்றும் அறிஞர் பலர் கொள்கின்றனர். அச்சொல்லின் உறவே அல்மண்டைன் என்ற இன்றைய பெயர். கென்ட் பெருமாட்டி ஒருத்தியின் மார்பில் கனன்ற கல் காவிரித் துறையில் கப்பலேறியிருக்கக்கூடும் என்று எண்ணுவது நமக்கு இனிக்கிறது. ஆனால் காஸ்மாஸ் ஏற்றுமதித் துறையைத்தான் சொல்கிறார். தோண்டிய இடத்தைச் சொல்லவில்லை. கல் காவிரிப் பகுதியில் கிடைத்ததா, கரிபேட் போன்ற தொலைவிடத்திலிருந்து வண்டியிலும் தோணியிலும் வந்து அங்குக் கைமாறியதா என்பதை அவர் வாக்கியத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. அதற்கு, கென்ட் பதக்கங்களின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அரிக்கமேட்டுக் கற்களுக்குச் செய்தது போன்ற ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.